அஞ்சலையின் மார்புப் படம்

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் நைலான் சேலையும் மடக்குக் குடையும் வாங்கி வருவார்கள். என்னைக் கால் விரல் இடுக்கைப் பார்த்து வர அனுப்பினார்கள். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். என் அண்ணன் மட்டும் சிரிக்காமல், "அதுக்கு எதுக்குக் கப்பல்? நம்ம வீட்டுல இல்லாத கால் விரலா?" என்று கேட்டான்.

விஷயம் இதுதான். மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுப்பது என் வேலை. அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் டாக்டரம்மாவுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. கருப்பை வாயில் புற்று என்று வரும் பெண்களை மேசையில் படுக்கவைத்து அறுத்துப் பார்த்தால், பல பேருக்கு அது அதற்கு முன்பே வயிற்றுக்குள் பரவியிருக்கும். அறுத்தது வீண், வலிதான் மிச்சம். கத்தி வைப்பதற்கு முன்பே அது எங்கெங்கே போயிருக்கிறது என்று படத்தில் பார்க்க ஒரு வழி வந்திருப்பதாகவும், சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அதைச் செய்வதாகவும் அவருக்குத் தெரிந்தது. மூன்று வாரம் நின்று கற்றுக்கொண்டு வா என்றார். "அரைகுறையாக் கத்துக்கிட்டு வந்தே, எக்ஸ்ரே ரூமுக்குள்ள உன்ன விட மாட்டேன்" என்றும் சொன்னார். அவர் சொன்னால் செய்வார்.

சிங்கப்பூரில் தமிழர்கள் நிறைந்த தேக்காவில் பாக்கியம் அக்கா வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் சபை ஆயருக்கு அவர் தூரத்துச் சொந்தம். கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை, ஒரு தையல் மெஷின், தைத்த ரவிக்கைகள் தொங்கும் ஒரு கயிறு. அந்தக் கயிற்றுக்குக் கீழே என் பாய். காலையில் கண் விழித்தால் தலைக்கு மேல் பத்துப் பேருடைய ரவிக்கை ஆடிக்கொண்டிருக்கும்.

முதல் நாள் அக்கா என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். தரையெல்லாம் ஈரம். மீன், ஆட்டுக் கறி, கீரை என்று எல்லா வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறியது. ஒரு சீனக் கிழவர் என்னைப் பார்த்து, "வெண்டக்கா புதுசு, வாங்கு தங்கச்சி" என்றார். நான் திகைத்துப்போய் நின்றேன். மதுரையில் பத்து வருஷம் இருந்த எங்கள் வெள்ளைக்கார மேட்ரனுக்கு 'தண்ணீர்' என்ற சொல்லைத் தாண்டி ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை. இங்கே வெண்டைக்காய் விற்கிறவர் பேரம் பேசுகிறார், முற்றலைத் தள்ளிவிட்டுப் பிஞ்சைக் காட்டுகிறார்!

"அவரு நம்மள விட நல்லாத் தமிழ் பேசுவாருலா. அசந்தா ஒரு வெள்ளிய ஏமாத்திடுவாரு" என்றார் அக்கா. அங்கே டாலருக்கு வெள்ளி என்று பேர்.

கோப்பிதான் பழக இரண்டு நாள் ஆயிற்று. கரி கரைத்த கறுப்பு, அதில் டின் பால். குடிக்கிறவர்கள் சாஸரில் ஊற்றி ஆற்றுகிறார்கள். முதல் வாயில் இது மருந்து என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அது இல்லாமல் பஸ் ஏற முடியவில்லை. எங்கள் ஊர் டிகிரி காபிக்கு நான் செய்த துரோகத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. எக்ஸ்ரே பகுதியில் மூத்தவர் லிம் என்ற சீனர். ஐம்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சிரிப்பதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிற முகம். என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் சொன்னது ஒன்றே ஒன்று: "படத்தில் இருப்பதைப் பார். இருக்க வேண்டும் என்று நீ நினைப்பதைப் பார்க்காதே."

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் ரத்தக் குழாய் போலவே நிணநீர்க் குழாய் என்று ஒன்று ஓடுகிறது. தலைமுடி கனம்தான் இருக்கும், நிறமும் கிடையாது. புற்று பல நேரம் இந்த வழியாகத்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. கால் விரல் இடுக்கில் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றினால் அந்தக் குழாய் மெல்ல நீலமாகும். டாக்டர் புறங்காலைச் சின்னதாகக் கீறி, அதைப் பிடித்து, அதற்குள் ஒரு எண்ணெய் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஆகும். எண்ணெய் மேலே ஏறி இடுப்பிலும் வயிற்றிலும் உள்ள நிணநீர்க் கணுக்களில் தங்கும். அதைப் படமெடுப்பது எங்கள் வேலை. மறுநாள் திரும்பவும் வயிற்றையும், கூடவே மார்பையும் எடுப்போம். ஆரோக்கியமான கணு படத்தில் முழு நெல்லிக்காயாக இருக்கும். புற்று புகுந்தது கடித்து வைத்த நெல்லிக்காயாக இருக்கும்.

கேட்க எளிது. எந்த நிமிஷத்தில் எடுப்பது, ஒல்லியான உடம்புக்குக் கதிர் எவ்வளவு, பருத்த உடம்புக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். லிம் சாப்பிடப் போனாலும் பின்னாலேயே போய்க் கேட்டேன். அவர் மீ கோரெங் தட்டிலிருந்து தலை நிமிராமலே பதில் சொல்வார். அந்த நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம் ஒருவர் வாணலியில் தட்டும் சத்தத்தில் பாதி பதில் காதில் விழாது. திரும்பக் கேட்பேன். நான்காம் நாள் எனக்கும் ஒரு தட்டு வாங்கி வைத்து, "வாய் நிறைய இருந்தால் கேட்க மாட்டாய்" என்றார்.

இரண்டாம் வாரம் அஞ்சலை வந்தாள். கருப்பை வாயில் புற்று; பரவாமல் இருந்தால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் வேலுவுக்கு புக்கிட் பாத்தோக் பக்கம் கல் குவாரியில் வேலை. தமிழ் பேசுகிற ஆள் என்பதால் அவளை என்னிடம் விட்டார்கள். உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது என்றேன். தோடு, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றினாள். தாலிச் சங்கிலியில் கை நின்றுவிட்டது.

"இதுவுமா மிஸ்ஸி?"

"தங்கம் எதுவும் கூடாதும்மா."

"அப்ப மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கெழங்கக் கட்டிப் போட்டுக்கிறேன். வெறுங்கழுத்தா இருக்க முடியாது."

"கட்டிக்கோ. கிழங்கால ஒண்ணும் கெட்டுடாது" என்றேன். அன்று இடுப்பையும் வயிற்றையும்தான் எடுக்கப்போகிறோம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

கறுத்த காலில் நீலக் கோடு தெரியாமல் டாக்டர் திணறினார். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன், தெரிந்தது. லிம் தலையை அசைத்தார். அது அவரிடம் பெரிய பாராட்டு. இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்திருந்த அஞ்சலை, எழுந்ததும் தன் நீலக் காலைப் பார்த்து, "கண்ணன் காலு மாதிரி ஆயிடுச்சே, இத வச்சுக்கிட்டு எப்படி பஸ்ல போவேன்?" என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

மறுநாள் விடியும்போதே மழை. சிங்கப்பூர் மழை எங்கள் ஊர் மழை போல முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. சிராங்கூன் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு கூடை முருங்கைக்காய் தானாகவே மிதந்து போனது. அவசரத்தில் நம்பரைப் பார்க்காமல் ஒரு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் ஆஸ்பத்திரி பேரைச் சொன்னேன். அவர் மலாயில் என்னவோ சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் அதைத் தமிழில் சொன்னார்: "வேற பக்கம் போவுது. ஆனா ஏறிட்டீங்க, உக்காருங்க."

இறங்கியது புக்கிட் மேராவில். புதிதாகக் கட்டிய மாடி வீடுகள் பெட்டி மேல் பெட்டியாக நின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் மூங்கில் கழியில் துணி. மழையில் நனைகிறதே என்று ஒருவரும் எடுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு தூறல் விழுந்தால் போதும், நாலு வீட்டுத் துணியையும் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. திரும்பிப் போக டாக்ஸி கிடைக்கவில்லை. நடந்தேன். ஒரு செருப்பு சாக்கடையோடு போயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அஞ்சலையின் படங்களை லிம் எடுத்து, கழுவி, காயவைத்திருந்தார். பெரிய டாக்டர் பார்த்தும் விட்டார். வயிற்றில் கணுக்கள் எல்லாம் முழு நெல்லிக்காய். நான் சந்தோஷப்பட வாயெடுக்கும்முன் அவர் மார்புப் படத்தைக் காட்டினார். வலது நுரையீரலில் கொட்டைப்பாக்கை விடச் சற்று நீளமாக ஒரு வெள்ளைப் புள்ளி.

"நுரையீரலுக்குப் போய்விட்டது. இனி அறுத்துப் பயனில்லை. வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டுக்குக் கூட்டிப் போகட்டும். உன் மொழிதானே, நீயே சொல்லிவிடு" என்றார்.

அதற்கு முன் அப்படியொரு சேதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. எப்படிச் சொன்னேன் என்பதும் முழுதாக நினைவில்லை. வேலு, "கத்தி வச்சா சரியாயிடும்னாங்களே மிஸ்ஸி, கத்தி வச்சா சரியாயிடும்னாங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அஞ்சலை அழவில்லை. கழுத்துக்குள் கைவிட்டுக் கயிற்றை எடுத்தாள். அந்த மஞ்சள் கிழங்கை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"நா போற வரைக்கும் இது எங்கழுத்துலயே இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, கிழங்கை உள்ளே வலது பக்கமாக ஒதுக்கிச் செருகிக்கொண்டாள். இருவரும் மழையில் இறங்கிப் போனார்கள்.

நான் அழுதுகொண்டே படங்களை உறையில் போட்டேன். மார்புப் படம் கையில் இருந்தது. அந்தப் புள்ளியை இன்னொரு தரம் பார்த்தேன். நீளவாக்கில் இருந்தது. நடுவில் லேசாக இறுக்கியதுபோல் ஒரு இடுக்கு. கயிறு கட்டினால் விழுகிற இடுக்கு! வாசலுக்கு ஓடினேன். அவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்கள்.

லிம் நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். "உலோகம் எதுவும் அவள் உடம்பில் இல்லை. நானே கேட்டேன்."

"உலோகம் இல்லை. மஞ்சள் கிழங்கு. மார்புப் படத்தில் சதை எப்படி விழுமோ, அப்படித்தான் கிழங்கும் விழும். கட்டிக்கொள்ளச் சொன்னது நான்."

"பெரிய டாக்டர் படித்துவிட்ட படம் இது. ஒரு கிழங்கைச் சொல்லி அவரை மாற்றச் சொல்கிறாயா? நீ வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அந்தப் பெண் உன் ஊர்க்காரி. அவள் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறாய், அதனால் கிழங்கு தெரிகிறது."

அது எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் சுருக்கென்றது. ஆனால் விடுவதாக இல்லை.

மறுநாள் காலை மளிகைக் கடைக்குப் போனேன். அஞ்சலை கட்டியிருந்த அளவுக்கு ஒரு கிழங்கு வேண்டும். மூட்டையைக் கிளறிக் கிளறிப் பார்த்ததில் கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று. "என்னம்மா, மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குறீங்க? எல்லாம் மஞ்சள்தான்லா."

வீட்டுக்கு வந்து அதைக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பாக்கியம் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டார்.

"ஏண்டி! கல்யாணம் ஆகாத பொண்ணு, கழுத்துல மஞ்சக் கயிறா? அதுவும் நம்ம சபையில பொறந்துட்டு! ஊருக்குத் தெரிஞ்சா உன்ன யாரு கட்டுவா?"

"தெரிஞ்சாத் தெரியட்டும்க்கா. முப்பத்தோரு வயசு வரைக்கும் வராதவன் இந்தக் கயித்தப் பாத்துதான் ஓடப்போறானா?"

அக்கா ஏதோ முணுமுணுத்தார். ஆனால் முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று அவரே இறுக்கிக் கட்டிவிட்டார்.

மதியம் லிம்மிடம், "என் மார்பைப் படமெடுங்கள்" என்றேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் படமெடுத்தார். கழுவி விளக்கில் மாட்டினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவர் வாயோரம் அசைந்தது.

"மிஸ் எஸ்தர், வருத்தமான செய்தி. உங்களுக்கும் பரவிவிட்டது."

இரண்டு படங்களையும் பெயரை மறைத்து அவரே பெரிய டாக்டரிடம் எடுத்துப்போனார். நான் பின்னால் நின்றேன். டாக்டர் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். "இரண்டு பேருக்கும் அறுவை கிடையாது. யார் இந்த இரண்டாவது?" என்றார்.

நான் என் கழுத்திலிருந்த கயிற்றை வெளியே எடுத்துக் காட்டினேன்.

அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிழங்கு இருந்தது என்பதால் அங்கே புற்று இல்லை என்று ஆகிவிடாது. கிழங்குக்குப் பின்னாலும் இருக்கலாம். அவளைக் கூட்டி வா. படம் சுத்தமாக இருந்தால் வியாழக்கிழமை மேசை அவளுக்கு. நாளைக்குள் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்" என்றார்.

புக்கிட் பாத்தோக்குக்கு பஸ் பாதி வழிதான் போயிற்று. மீதிக்கு ஒரு கல் லாரியை நிறுத்தினேன். மலாய் டிரைவர் ஏற்றிக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. எனக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வழியெல்லாம் தன் குடும்பக் கதையைச் சொல்லி முடித்தார். எத்தனை பிள்ளைகள் என்பது விரல்களால் புரிந்தது. இறங்கும்போது என் சேலை, முகம், புருவம் எல்லாம் கல் தூசி.

அஞ்சலை கூலி வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சாகப்போகிறாள் என்று நாங்கள் சொல்லி அனுப்பிய பெண் அரிசியில் கல் பொறுக்குகிறாள். மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். வேலு அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டான். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒரு தரம் கழட்டினேன். மறுநாளே நெஞ்சுல பரவிடுச்சுன்னு சொன்னீங்க. இன்னொரு தரம் கழட்ட மாட்டேன்."

"அடியே, நா இங்க கல்லு மாதிரி நிக்கிறேனே! கழட்டினா என்ன?" என்றான் வேலு.

"நீங்க சும்மா இருங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் இல்லை, என் மேல்தான். அந்தத் தூசிக் கோலத்தோடு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "அஞ்சலை, கழட்டினதால எதுவும் பரவல. கிழங்கக் கட்டிக்கோன்னு யோசிக்காமச் சொன்னேனே, அதான் தப்பு. மதுரையில தினம் இருபது பொம்பளைங்களுக்கு மார்புப் படம் எடுக்கிறேன். ஒருத்திகூடத் தாலியக் கழட்டுறதில்ல. வாயில கவ்விக்கச் சொல்லுவேன். அத உன்கிட்டச் சொல்லாம விட்டுட்டேன். மழையிலயும் லேட்டா வந்தேன். தப்பு என்னுது. என்னத் திட்டு. ஆனா வா."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "வாயில கவ்விக்கலாமா?"

"கவ்விக்கலாம்."

"கழுத்த விட்டு எறங்க வேண்டாம்ல?"

"வேண்டாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே இருவரும் வந்துவிட்டார்கள். அஞ்சலை கயிற்றைத் தூக்கிக் கிழங்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள். நெஞ்சைத் தகட்டோடு சேர்த்து நிறுத்தினேன். வேறு முடிச்சோ ஊக்கோ இருக்கிறதா என்று மூன்று முறை தடவிப் பார்த்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். லிம் பொத்தானை அழுத்திவிட்டு, ஃபிலிமை அவரே இருட்டறைக்கு எடுத்துப் போனார். கூடவே நானும் போனேன். சிவப்பு விளக்கில் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். கிழங்குக்குப் பின்னாலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது.

படம் ஈரத்தோடு விளக்குக்கு வந்தது. வலது நுரையீரல் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. இடதும் அப்படியே. லிம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் அதைக் கொடுத்து, "நீயும் பார். இருப்பதை மட்டும்" என்றார். பார்த்தேன். ஒன்றும் இல்லை. பெரிய டாக்டர் வந்தார், பார்த்தார், பேனாவை எடுத்து அடித்திருந்த பெயரை வியாழக்கிழமைப் பட்டியலில் திரும்ப எழுதினார்.

நான் வெளியே ஓடி வந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அஞ்சலை பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கிழங்கு இன்னும் பல்லுக்கிடையில். விட்டுவிடலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. தாடை நடுங்கியது, உதட்டோரம் மஞ்சளாக வழிந்திருந்தது. வேலு அதைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல அஞ்சலை. ஒண்ணுமே இல்ல. வியாழக்கிழமை ஆபரேஷன்."

வேலு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அவள் என்னையே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"போதும், விடும்மா."

மெல்ல விட்டாள். கிழங்கில் பல் பதிந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்காமல், மரத்துப்போன வாயால் கேட்டாள்:

"வியாழக்கெழம நல்ல நாளா மிஸ்ஸி?"

நான் நாள் பார்க்காத வேதக்கார வீட்டில் பிறந்தவள். நட்சத்திரமும் தெரியாது, ராகு காலமும் தெரியாது.

"ரொம்ப நல்ல நாள்" என்றேன்.